புதுக் காய்ச்சல் செய்தி வந்தால் எப்படிப் படிப்பது? இரவு டெஸ்க்கில் இருந்தவளின் குறிப்புகள்

இரவு 11.45-க்குச் சித்தியிடமிருந்து போன். அந்த நேரத்தில் மணி அடித்தாலே வயிற்றைக் கலக்கும். எடுத்ததும், "கண்ணு, குழந்தையை நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டாம்னு மருமகள்கிட்ட சொல்லிடவா?" என்று கேட்டார். குரலில் நடுக்கம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட வீடியோவை அவர் நாலாவது முறையாகப் பார்த்து முடித்திருந்தார். நெரிசலான மருத்துவமனைத் தாழ்வாரம், முகக்கவசம் போட்ட கூட்டம், படபடக்கும் பின்னணி இசை, சிவப்பு எழுத்தில் "மீண்டும் ஒரு மர்ம வைரஸ்!"

அது 2025 ஜனவரி. அந்த "மர்ம" வைரஸின் பெயர் எச்.எம்.பி.வி., அதாவது மூச்சுப்பாதையைத் தாக்கும் மனித மெட்டாநிமோ வைரஸ். நெதர்லாந்து விஞ்ஞானிகள் அதை அடையாளம் கண்டது 2001-ல். சேமித்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, 1950-களிலேயே அது மனிதர்களிடம் உலவியது தெரியவந்தது. ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு தடவையாவது வந்துபோகிற கிருமி. அப்போது பேச்சு கிளம்பிய சீனாவில் அது பரவுவது அந்தப் பருவத்துக்கு எதிர்பார்க்கிற அளவுக்குள்தான் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமும் அந்த நாட்களிலேயே சொல்லிவிட்டது. சித்தி பார்த்த வீடியோவில் இதில் ஒரு வரிகூட இல்லை.

நான் 14 வருடம் ஒரு நாளிதழின் இரவு டெஸ்க்கில் துணை ஆசிரியராக இருந்தவள். பறவைக் காய்ச்சல், பன்றிக் காய்ச்சல் என்று வந்த செய்திகளை மொழிபெயர்த்து, வெட்டி, தலைப்பு வைத்துப் பக்கத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அதனால் இப்படி ஒரு செய்தி எப்படிச் சமைக்கப்படுகிறது என்று உள்ளிருந்து தெரியும். சித்திக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தலைப்பை ஒதுக்கி வையுங்கள்

செய்தியை எழுதுகிற நிருபர் வேறு, தலைப்பு வைக்கிறவர் வேறு. இது பலருக்குத் தெரியாது. தலைப்பு வைக்கிறவருக்கு இருப்பது பத்து நிமிடமும், பக்கத்தில் இரண்டு நெடுவரிசை அகல இடமும். "காய்ச்சல் காரணமாக இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படும் மரணங்கள்" என்பது அந்த அகலத்தில் உட்காராது. "பலி" உட்காரும். இரண்டே எழுத்து. இடம் இல்லாததால் விழுந்துபோகிற சொல் எப்போதும் "சந்தேகிக்கப்படும்" தான்.

ஒரு இரவு செய்தி ஏஜென்சியிலிருந்து வந்த செய்தியில், புதுக் காய்ச்சல் என்று சந்தேகிக்கப்படும் மூவர் இறந்ததாகவும், மாதிரிகள் சோதனைக்கு அனுப்பப்பட்டிருப்பதாகவும் இருந்தது. நான் வைத்த தலைப்பு: "மர்மக் காய்ச்சலுக்கு 3 பேர் பலி". நாலு நாள் கழித்துச் சோதனை முடிவு வந்தது. மூவரில் இருவருக்கு அந்தக் காய்ச்சலே இல்லை. அந்தச் செய்தி உள்பக்கத்தில் ஆறு வரியாக வந்தது.

ஆனால் அதற்கு முன்பே, தலைப்பு வந்த அன்று மாலை, டெஸ்க்குக்கு ஒரு பெண் போன் செய்தார். ஏழு மாதக் கர்ப்பிணி. அன்று காலை மருத்துவமனையில் மாதப் பரிசோதனை இருந்ததாம். பேப்பரைப் பார்த்துவிட்டுப் போகவில்லையாம். "அடுத்த வாரமாவது போகலாமா மேடம்?" என்று என்னிடம் கேட்டார். நான் மருத்துவர் இல்லை. கட்டாயம் போங்கள், போவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் போனில் பேசுங்கள் என்று சொன்னேன். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் தலைப்பை நான் அப்படி வைத்திருக்கக் கூடாது.

அதனால் சொல்கிறேன்: தலைப்பைப் படித்ததும் எந்த முடிவும் எடுக்காதீர்கள். நேராக மூன்றாவது, நாலாவது பத்திக்குப் போங்கள். "சோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளது", "அதிகாரிகள் உறுதி செய்யவில்லை", "வேறு நோய்களும் இருந்தன" போன்ற வரிகள் அங்கேதான் இருக்கும். "மர்ம" என்ற சொல்லைப் பார்த்தால், அந்த இடத்தில் "சோதனை முடிவு இன்னும் வராத" என்று போட்டுப் படியுங்கள். பெரும்பாலும் அதற்கு அவ்வளவுதான் பொருள். வீடியோவாக இருந்தால் இசையை நிறுத்திவிட்டு, பேசுகிற வார்த்தைகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வீடியோவில் தகவல் என்று மூன்று வரி தேறினால் பெரிது.

எண்ணைப் பார்த்தால், "எத்தனை பேரில்?" என்று கேளுங்கள்

இந்த ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

2009 ஏப்ரல். மெக்சிகோவில் புது இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ காய்ச்சல். 150 பேருக்கு மேல் இறந்திருக்கலாம் என்று உலகமெங்கும் செய்தி ஓடியது. ஏப்ரல் 29-ம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் மெக்சிகோவில் சோதனையில் உறுதியானவர்கள் 26 பேர். அவர்களில் இறந்தவர்கள் 7 பேர். இரண்டுமே பொய் இல்லை. ஒன்று சந்தேகப் பட்டியல், இன்னொன்று உறுதிப் பட்டியல். செய்தியில் எண்ணைப் பார்த்தவுடன் அது எந்தப் பட்டியலில் இருந்து வந்தது என்று தேடுங்கள். எழுதவில்லை என்றால், சந்தேகப் பட்டியல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இறப்பு விகிதம். எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்தவர்களில் பாதிப்பேர் இறந்துவிடுகிறார்கள் என்று படித்திருப்பீர்கள். 2003-லிருந்து உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்டவர்கள் 900-க்கும் அதிகம். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்குக்குள் யார் வந்தார்கள்? மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்ந்து, சோதனையும் செய்யப்பட்டவர்கள். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தவர் யாரும் சோதனைக்குப் போயிருக்க மாட்டார். அவர் கணக்கில் இல்லை. எந்தப் புது நோயிலும் முதலில் கண்ணில் படுகிறவர்கள் கடுமையாகப் படுத்தவர்கள்தான். அதனால் ஆரம்ப வாரங்களில் விகிதம் பயங்கரமாகத் தெரியும், சோதனை பரவலானதும் இறங்கும்.

அதே எச்5என்1-ன் ஒரு வகை 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. 2025 தொடக்கம் வரை அங்கே சுமார் 70 பேருக்கு நோய் உறுதியானது. பெரும்பாலோருக்குக் கண் சிவந்ததும் லேசான காய்ச்சலும்தான். ஒருவர் இறந்தார். பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் கடுமையும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எண்கள் எப்போதும் பெரிதாக்கித்தான் காட்டும் என்றும் இல்லை. 2009-ல் வந்த எச்1என்1-க்கு (மேலே சொன்ன மெக்சிகோக் காய்ச்சல்தான், பன்றிக் காய்ச்சல் என்று பெயர் பெற்றது) சோதனையில் உறுதியான இறப்புகள் உலகம் முழுக்க சுமார் 18,500. "இவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்" என்று அப்போது பலர் எழுதினார்கள். பிறகு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் செய்த மதிப்பீட்டின்படி, முதல் வருடத்தில் இறந்தவர்கள் 1,51,700 முதல் 5,75,400 வரை இருக்கலாம். அவர்களில் 80 சதவீதம் பேர் 65 வயதுக்குக் கீழே. சோதனைக்கு வழியே இல்லாத இடங்களில் இறந்தவர்கள் முதல் பட்டியலில் ஏறவே இல்லை. ஆகவே சின்ன எண்ணைக் கண்டு அலட்சியமும் வேண்டாம். பெரிதோ சிறிதோ, கேள்வி ஒன்றுதான்: யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள்?

"இரட்டிப்பானது" என்று வந்தால் எதிலிருந்து எதற்கு என்று பாருங்கள். 2 பேர் 4 பேரானாலும் இரட்டிப்புதான், 2,000 பேர் 4,000 ஆனாலும் இரட்டிப்புதான்.

ஒப்பிட ஒரு அளவுகோலும் மனதில் இருக்கட்டும். யாரும் முதல் பக்கத்தில் போடாத சாதாரணப் பருவ ஃப்ளூ காய்ச்சலால், அதன் மூச்சுக்கோளாறுகளால், ஒவ்வொரு வருடமும் உலகில் 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எனக்கு இதுதான் பெரிய வேதனை. புதிதாக வந்தால் பத்து நாள் தொடர்ந்து தலைப்பு. வருடா வருடம் வந்து கொல்வதற்கு ஒரு வரி கிடையாது.

"பின்" வேறு, "ஆல்" வேறு

இதை டெஸ்க்கில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்வேன். "ஊசி போட்ட பின் இறந்தார்" என்பதும் "ஊசி போட்டதால் இறந்தார்" என்பதும் ஒன்றல்ல. முதலாவது நேரத்தைச் சொல்கிறது, இரண்டாவது காரணத்தைச் சொல்கிறது.

1976-ல் அமெரிக்காவில், ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் ஒரு புது வகைப் பன்றிக் காய்ச்சல் வந்து ஒரு வீரர் இறந்தார். 1918-ன் கொடிய ஃப்ளூ திரும்புகிறது என்ற பயத்தில் நாடு முழுக்கத் தடுப்பூசி போட முடிவு செய்தார்கள். அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரில் ஒரே இடத்தில் ஊசி போட்டுக்கொண்ட மூன்று முதியவர்கள் இறந்தார்கள். செய்தி தீயாகப் பரவியது, ஒன்பது மாநிலங்கள் ஊசியை நிறுத்தின. விசாரித்தால், மூவருமே இதய நோயாளிகள். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பு இல்லை. லட்சக்கணக்கான முதியவர்களுக்கு ஊசி போடும்போது, ஊசியே போடாவிட்டாலும் அந்த வாரத்தில் இறந்திருக்கக்கூடியவர்கள் சிலர் அதில் இருக்கத்தான் செய்வார்கள்.

அதே திட்டத்தில், கில்லன் பாரே என்ற நரம்புப் பாதிப்பு ஊசி போட்டவர்களுக்குக் கூடுதலாக வந்தது. சுமார் ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில். இந்தத் தொடர்பு உண்மை. டிசம்பரில் திட்டமே நின்றது. பயந்த காய்ச்சலோ முகாமைத் தாண்டிப் பரவவே இல்லை. எது தற்செயல், எது விளைவு என்பது, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிய பிறகுதான் தெரிந்தது. அதற்குச் சில வாரங்களாவது ஆகும். அந்த வாரங்களில் வருகிற செய்திகளில் "பின்" என்று இருப்பதை "ஆல்" என்று மனம் மாற்றிப் படித்துவிடும். விடாமல் கவனியுங்கள்.

பயமுறுத்தும் பெயர்கள்

எச், என் என்ற எழுத்துகள் வைரஸின் மேலுள்ள இரண்டு புரதங்களைக் குறிக்கின்றன: ஹெமக்ளூட்டினின், நியூராமினிடேஸ். எண்கள் அவற்றின் வகை. எண் பெரிதாக இருந்தால் ஆபத்து பெரிது என்று இல்லை. வருடா வருடம் வருகிற எச்3என்2-கூட முதியவர்களைக் கடுமையாகப் படுத்தும்.

"பெருந்தொற்று" என்றால் கொடூரமானது என்று பொருள் இல்லை. உலகின் பல பகுதிகளில் பரவிவிட்டது என்று பொருள். 2009 ஜூன் 11-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் தன் பெருந்தொற்று எச்சரிக்கைப் படிகளில் உச்சமான ஆறாம் கட்டத்தை அறிவித்தபோது, அது பரவிய பரப்பைத்தான் சொன்னது. கேட்டவர்கள் பலர் சாவின் அளவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

பன்றிக் காய்ச்சல் என்ற பெயரே அந்த வருடம் என்ன செய்தது தெரியுமா? எகிப்து அரசு நாட்டிலிருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவிட்டது. நோயோ மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிக்கொண்டிருந்தது. அந்தப் பன்றிகளை வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் வாழ்வாதாரத்தை இழந்தன. ஊர், விலங்கு, இனம் ஆகியவற்றின் பெயரைப் புது நோய்களுக்கு வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் நெறிமுறை கொண்டுவந்தது. 1918-ன் "ஸ்பானிஷ் ஃப்ளூ"வும் இப்படித்தான். போரில் இருந்த நாடுகள் செய்தியைத் தணிக்கை செய்தன, போரில் இல்லாத ஸ்பெயினின் பத்திரிகைகள் மறைக்காமல் எழுதின, பெயர் ஸ்பெயின் தலையில் விழுந்தது. ஒரு ஊர்க்காரர்களையோ ஒரு நாட்டுக்காரர்களையோ கிருமியாகப் பார்க்க வைக்கிற செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எதைக் கண்டால் உண்மையிலேயே கவனிக்க வேண்டும்

புது ஃப்ளூ செய்தியில் நான் தேடுவது ஒன்றே ஒன்று: மனிதரிடமிருந்து மனிதருக்கு, தொடர்ந்து, சங்கிலியாகப் பரவுகிறதா? கோழிப்பண்ணையில் வேலை செய்தவருக்கு வந்தது என்றால் அது அந்தப் பண்ணையோடு நிற்கலாம். 1997-ல் ஹாங்காங்கில் எச்5என்1 18 பேரைப் பிடித்து 6 பேரைக் கொன்றது. ஊரிலுள்ள கோழிகளை எல்லாம் அழித்ததும் அங்கே நின்றுவிட்டது. ஆனால் பறவையையோ விலங்கையோ தொடாத ஒருவருக்கு வந்து, அவரைக் கவனித்த செவிலியருக்கு வந்து, செவிலியர் வீட்டாருக்கும் வந்தது என்று எழுதியிருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். வெவ்வேறு ஊர்களில் தொடர்பே இல்லாத ஆட்களுக்கு வந்தாலும் அப்படியே. இந்த இரண்டும் இல்லாதவரை, செய்தியைத் தெரிந்துகொண்டு வேலையைப் பார்க்கலாம்.

சரி, எங்கே சரிபார்ப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் நோய்ப் பரவல் அறிவிப்புகள் என்று ஒரு பகுதி உண்டு. உங்கள் நாட்டுச் சுகாதாரத் துறையின் அறிக்கையும் இருக்கும். அவற்றில் தேதி, இடம், உறுதியானவர், இறந்தவர், வயது, எப்படித் தொற்றியது எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு முறை, பகலில் பாருங்கள். சோதனைக்கூடத்தில் மணிக்கொரு முடிவு வருவதில்லை, டி.வி.யில் மணிக்கொரு "பிரேக்கிங்" வருகிறது என்றால் பழையதையே திருப்பிப் போடுகிறார்கள். இரவு படுக்கும் முன் பார்க்கவே வேண்டாம்.

ஃபார்வர்டு வீடியோ என்றால் எங்கே, எப்போது எடுத்தது என்று பாருங்கள். அதிலிருந்து ஒரு படத்தை எடுத்து இணையத்தில் தேடினாலே, பல நேரம் வேறு வருடத்து, வேறு ஊர் என்று தெரிந்துவிடும். "ஒரு பெரிய டாக்டர் சொன்னது" என்று பெயரில்லாமல் வந்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

பயத்துக்குக் கையில் கொடுக்க ஒரு வேலை

சும்மா "பயப்படாதீங்க" என்று சொன்னால் யாருக்கும் பயம் போகாது. செய்ய வேலை இருந்தால் போகும். ஃப்ளூ புதியதோ பழையதோ, செய்ய வேண்டியவை பெரும்பாலும் ஒன்றுதான்.

வருடாந்தரத் தடுப்பூசி. முதியவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை, இதயம், ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு முதலில் போட்டுக்கொள்ள வேண்டும். அது புது வைரஸை அப்படியே தடுத்துவிடாது; ஆனால் வழக்கமான ஃப்ளூ கடுமையாகி மருத்துவமனையில் போய்ப் படுப்பதைக் குறைக்கும். கை கழுவுவது என்றால் சோப்புப் போட்டு 20 விநாடி, விரலிடுக்கோடு. காய்ச்சல் இருந்தால் வீட்டில் இருங்கள், வெளியே போயே ஆக வேண்டுமென்றால் முகக்கவசம். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்து, தெரிந்த பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை நம்மிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும்.

ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. பழைய மாத்திரை அட்டையைத் தேடி எடுக்காதீர்கள். ஓசெல்டமிவிர் என்ற மருந்து உண்டு, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும், ஆனால் மருத்துவர் சொல்லித்தான். பதற்றத்தில் வாங்கிப் பதுக்கினால் தேவைப்பட்டவருக்குக் கிடைக்காமல் போகும். ஃப்ளூ வந்த குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேயி நோய்க்குறி என்ற ஆபத்து உண்டு.

இதை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள்: மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாவது, குழப்பமாகப் பேசுவது, குறைந்துவிட்ட காய்ச்சல் மறுபடி ஏறுவது, குழந்தை எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்தச் செய்தியையும் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் காய்ச்சல் வந்தாலே அன்றைக்கே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

அன்று இரவு சித்தியிடம் முதலில், "வீடியோவில் என்ன சொன்னாங்க சித்தி, அப்படியே சொல்லுங்க" என்றுதான் கேட்டேன். சொல்லச் சொல்ல அவருக்கே அதில் ஊர் பெயர் இல்லை, தேதி இல்லை என்று தெரிந்தது. அப்புறம் கேட்டேன்: "குழந்தைக்குக் காய்ச்சல், சளி ஏதாவது இருக்கா?" இல்லை என்றார். "அப்போ நாளைக்குப் பள்ளிக்கூடம் போகட்டும். உங்களுக்கு இந்த வருஷ ஃப்ளூ ஊசி போட்டாச்சா?" கொஞ்ச நேரம் பதிலே இல்லை. போடவில்லை.

காலையில் குழுவில் அந்த வீடியோவுக்குக் கீழே நாலு வரி எழுதினேன். இது 2001-லேயே தெரிந்த கிருமி. எதிர்பார்க்கிற அளவுக்குள்தான் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. காய்ச்சல் இருக்கும் குழந்தை வீட்டில் இருக்கட்டும், இல்லாத குழந்தை பள்ளிக்குப் போகட்டும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை. சித்தி வீடியோவை அழித்துவிட்டு, முந்தின இரவு அதை யார் யாருக்கு அனுப்பினாரோ அந்த ஏழு பேருக்கும் இந்த நாலு வரியை அனுப்பினார். அடுத்த வாரம் ஊசி போட்டுக்கொண்டு வந்து, "கை கொஞ்சம் வலிக்குது கண்ணு, அவ்வளவுதான்" என்றார்.